ரெஜீம் ஷிஃப்ட்: ஆட்சி மாற்றமா, நிலைப்பெயர்ச்சியா?

"1976–77 குளிர்காலத்தில் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் காரணமாக அலாஸ்கா வளைகுடாவில் இறால்கள் வெகுவாகக் குறைந்தன."

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு கட்டுரையில் இருந்த வரி இது. இந்த 'ஆட்சி மாற்றம்' எனக்கு இந்த ஆண்டில் மூன்றாவது முறை. முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். மூன்றாம் முறைக்குப் பொறுமை இல்லை.

1976, 1977, ஆட்சி மாற்றம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் பார்க்கும் தமிழ் வாசகருக்கு என்ன நினைவு வரும்? 76 ஜனவரியில் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. 77இல் டெல்லியில் இந்திரா போய் மொரார்ஜி வந்தார், அதே ஆண்டு இங்கே எம்.ஜி.ஆர். வந்தார். ஊர் அலாஸ்கா ஆயிற்றே என்று கொஞ்சம் நிதானித்தால், 77 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் பதவியேற்றது ஞாபகம் வரும். கார்ட்டருக்கும் இறாலுக்கும் என்ன பகை?

மூலத்தில் இருந்தது 'ரெஜீம் ஷிஃப்ட்'. ஒரு கடலின் வழக்கமான போக்கு சட்டென்று மாறி, மாறிய போக்கிலேயே நீண்டகாலம் நிற்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் பெயர். லத்தீனில் 'ரெகெரே' என்றால் நேராகச் செலுத்துவது, ஆள்வது. அதிலிருந்து 'ரெகிமென்', பிரெஞ்சு வழியாக 'ரெஜீம்'. பிரெஞ்சுக்காரர் ஒருவர் 'நான் ரெஜீமில் இருக்கிறேன்' என்றால் பத்தியச் சாப்பாட்டில் இருக்கிறார் என்று பொருள். நீரியலில் ஓர் ஆற்றின் ரெஜீம் என்றால், அது எந்த மாதம் பெருகும், எந்த மாதம் வற்றும் என்கிற வழக்கமான போக்கு. கடலுக்கு இறங்கிய பொருள் இந்தக் கடைசிப் பொருளுக்குத்தான் சொந்தக்காரன். மீன்வள ஆய்வில் இச்சொல்லை 1976இல் கையாண்டவர் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஐசக்ஸ். சொல் வந்த அதே ஆண்டின் குளிர்காலத்தில் வட பசிபிக்கும் மாறத் தொடங்கியது தற்செயல்தான், ஆனால் சுவையான தற்செயல்.

சரி, அங்கே என்னதான் நடந்தது? குளிர்காலத்தில் அலூஷியன் தீவுகளை ஒட்டி ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்காரும். அந்த ஆண்டு அது வழக்கத்தைவிட ஆழமாகி, கிழக்கே நகர்ந்தது. அதனால் அலாஸ்கா கரையோரம் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று ஏறி வீச, கரைக்கடல் சூடானது. நடுப் பசிபிக்கோ குளிர்ந்தது. ஒரு வருடக் கூத்தாக இது முடியவில்லை, ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. பத்தாண்டுக் கணக்கில் நடக்கும் இந்தச் சூடு-குளிர் மாற்றத்துக்கு 'பசிபிக் டெக்கேடல் ஆசிலேஷன்' என்று 1996இல் பெயர் வைத்தவர் ஸ்டீவன் ஹேர். அவர் சால்மன் மீனை ஆராய்ந்தவர். அலாஸ்காவில் சால்மன் பெருகும் காலத்தில் தெற்கே வாஷிங்டன், ஒரிகன் கரைகளில் குறைகிறதே, ஏன் என்று தேடிப்போனவர் கையில் சிக்கியது ஒரு சமுத்திரம்.

மீனில் தெரிந்த கணக்கு இன்னும் துல்லியம். அலாஸ்கா வளைகுடாவில் 1953 முதல் 1997 வரை சிறு கண்ணி இழுவலையைக் கிட்டத்தட்ட 10,000 முறை இழுத்து, மடியில் விழுந்ததையெல்லாம் இனம் பிரித்து எடைபோட்டு வைத்திருக்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மடியை அவிழ்த்தால் இறாலும் கேப்லின் என்கிற கொழுத்த பொடிமீனும் கொட்டின. கடல் சூடானபின் இரண்டும் சரிந்து, மொத்த மீன்பாடு பாதிக்கும் கீழே போய், எண்பதுகள் முழுக்க அப்படியே கிடந்தது. தொண்ணூறுகளில் காட், பொல்லாக், தட்டைமீன் வகைகள் ஏறி, மீன்பாடு 250 சதவீதத்துக்கு மேல் கூடியது. (காட் என்றால் சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெயின் காட்.) கேப்லினை நம்பியிருந்த கடற்பறவைகளுக்கும் கடற்சிங்கங்களுக்கும் கெட்ட காலம். ஸ்டெல்லர் கடற்சிங்கத்தை 1990இல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. கொழுப்பு குறைந்த பொல்லாக்கைத் தின்று அவை தேறவில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்.

மொழிபெயர்த்த தம்பிக்கு போன் செய்தேன். "சார், ரெஜீம்னா ஆட்சிதானே? அகராதியிலயே அப்படித்தான் இருக்கு." அகராதியில் முதல் பொருளோடு விரலை எடுத்துவிட்டால் அப்படித்தான் இருக்கும். அப்புறம் அவர் கொஞ்சம் யோசித்து, "இறாலோட ஆட்சி போய் காட் மீனோட ஆட்சி வந்துச்சுன்னு உருவகமா வச்சுக்கலாமே சார்" என்றார்.

உருவகம் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பொய் சொல்கிறது. இறால் எதையும் ஆளவில்லை. மற்ற மீன்களுக்குத் தீனியாக இருந்தது. காட் தேர்தலில் நின்று அதைத் தோற்கடிக்கவும் இல்லை. நீர் சூடானது, இறாலின் குஞ்சு பிழைக்கவில்லை, பிழைத்ததைப் பெருகிவந்த காட் தின்றது. முதல் அடி நீரிலிருந்து, இரண்டாம் அடி வாயிலிருந்து. 'ஆட்சி' என்ற சொல் முதல் அடியை மறைத்து இரண்டாவதை மட்டும் காட்டுகிறது. போதாக்குறைக்கு, நம் ஊரில் ஆட்சி மாற்றம் என்றால் அடுத்த தேர்தலில் பழையபடி திரும்பலாம் என்ற தெம்பு அதோடு ஒட்டிக்கொண்டே வரும். அலாஸ்கா இறால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

'பருவநிலை மாற்றம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். அது மனிதன் விட்ட புகையால் பூமி முழுக்கச் சூடாவதற்கு நாம் கொடுத்துவிட்ட பெயர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், இயற்கையாக ஏறி இறங்கும் கடலும் நாம் சூடேற்றிய கடலும் வாசகர் மனதில் ஒன்றாகிவிடும். அப்புறம் எவராவது வந்து "முன்னாலேயே சூடாகியிருக்கிறதே, இப்போது என்ன அலறல்?" என்று கேட்பார். 'நிலைமாற்றம்' என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் சொன்னார். மோசமில்லை. ஆனால் பனிக்கட்டி உருகி நீராவதற்கு இயற்பியல் பாடம் அதை எடுத்துக்கொண்டாயிற்று. அதோடு 'மாற்றம்' என்பது இன்று சோர்ந்துபோன சொல். கட்சி, கடை, தலைமுடிச் சாயம் எல்லாம் மாற்றம் என்றே விற்கின்றன.

என் சொல் 'நிலைப்பெயர்ச்சி'. கடலென்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கடல் நிலைப்பெயர்ச்சி'.

பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி வேறிடத்தில் போய் நிற்பது. இடப்பெயர்ச்சி, புலம்பெயர்வு, ஏன், மொழிபெயர்ப்பு கூட அந்தப் பெயர்தல்தான். மொழிபெயர்ப்பாளர்களுக்கே இது கண்ணில் படாமல் போனதுதான் வேடிக்கை. 'ஊழி பெயரினும் தாம்பெயரார்' என்கிறது குறள். காலம் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதற்கு வள்ளுவர் போட்ட வினையே பெயர்தல். அடுத்த அடி 'ஆழி' என்று தொடங்குவது எனக்கு இலவச இணைப்பு. வீட்டில் பார்த்தால், சுவரில் காரை பெயர்கிறது. நீர் கசிவதை நிறுத்திவிட்டால் பெயர்ந்த காரை தானே போய் ஒட்டிக்கொள்வதில்லை. அலாஸ்கா வளைகுடாவில் நடந்ததைச் சொல்ல இதைவிடப் பக்கத்தில் ஓர் உவமை கிடைக்குமா?

"ஜோசிய வாடை அடிக்குதே" என்றார் அதே நண்பர். அடிக்கட்டும். சனி ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ந்து, இரண்டரை ஆண்டு அங்கேயே உட்கார்ந்து, இருக்கிறவர்களுக்குப் பலன் கொடுக்கிறது என்பது தமிழ்நாட்டில் படிக்காத பாட்டிக்கும் தெரியும். சட்டென்று நகர்வது, நகர்ந்த இடத்தில் நீண்டகாலம் நிற்பது, சிலருக்கு யோகம் சிலருக்கு ஏழரை. ரெஜீம் ஷிஃப்டின் முழு விளக்கமும் இதில் அடங்கிவிடுகிறது. ஒரு குறை உண்டு: சனிப்பெயர்ச்சிக்குப் பஞ்சாங்கத்தில் தேதி இருக்கிறது, கடலுக்கு இல்லை. பெயர்ந்து சில ஆண்டு கழிந்த பிறகு திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதே கட்டுரையில் டெக்கேடல் ஆசிலேஷனை 'தசாப்த ஊசலாட்டம்' ஆக்கியிருந்தார் தம்பி. உயிர் ஊசலாடும், மனம் ஊசலாடும். கடல் ஊசலாடினால் சுனாமியோ என்று பயமாக இருக்கிறது. 'பத்தாண்டு அலைவு' என்று எழுத என்ன கஷ்டம்? சமஸ்கிருதம் கலந்தால் அறிவியல் ஆகிவிடும் என்று இன்னும் எத்தனை காலம் நம்புவோமோ. தனித்தமிழ்ப் பக்கத்திலும் குறைச்சல் இல்லை: வாயில் நுழையாத சொல்லை ஆக்கிவிட்டு, வாசகர் பழகிக்கொள்ளட்டும் என்கிறார்கள். இரு தரப்பும் மூலத்தை ஒருமுறை முழுதாகப் படித்து, இங்கே என்ன நடக்கிறது என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இன்னோர் 'ஆட்சி மாற்றம்' இருந்தது. 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கில் தேங்கிய வெந்நீர்த் திட்டு. அதில் காட் மீனே சரிந்து, 2020இல் அலாஸ்கா வளைகுடாவில் அமெரிக்க மத்திய அரசின் கீழுள்ள கடற்பரப்பில் காட் பிடிப்பையே மூட வேண்டிவந்தது. மூலத்தில் அந்த இடத்தில் ரெஜீம் ஷிஃப்ட் என்ற சொல்லே இல்லை, 'ஹீட்வேவ்' என்றுதான் இருந்தது. தம்பிக்கு அதற்குள் கை பழகிவிட்டது போல. அங்கே நிலைப்பெயர்ச்சி என்று நானும் எழுதவில்லை. வந்து போவது அலை, வந்து நிற்பது பெயர்ச்சி. 'கடல் வெப்ப அலை' என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன்.