பானைக்கு எப்படித் தெரியும்?

போச்சம்பள்ளிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாங்கன்றுக்குப் பக்கத்தில் மண்பானை புதைத்துத் தண்ணீர் ஊற்றினாராம். முதல் வாரம் மளமளவென்று குறைந்தது. இப்போது நான்கு நாளாக அப்படியே நிற்கிறது. பானை அடைத்துக்கொண்டதா என்பது அவர் சந்தேகம். கண் பட்டுவிட்டது என்பது பாட்டியின் தீர்ப்பு. நடுவில் ஒரு கோடை மழை பெய்ததைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

பானை ஒழுகுவதால் செடிக்குத் தண்ணீர் போகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் மண்தான் அதை உறிஞ்சி எடுக்கிறது. பானைக்குள் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர், தன் எடையால் வெளியே தள்ளும் விசை வளிமண்டல அழுத்தத்தில் நூறில் மூன்று பங்குதான். காய்ந்த மண் இழுக்கும் விசையோ வேறு கணக்கு. செடி வாடி இனிப் பிழைக்காது என்னும் அளவுக்குக் காய்ந்த மண்ணின் இழுவிசை வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. பானையை ஒட்டிய மண் அவ்வளவு காயாது, சரி. ஆனாலும் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிகிறதல்லவா? மழை பெய்து மண் நனைந்ததும் இந்த இழுவிசை அநேகமாகக் காணாமல் போகிறது. பானையும் கொடுப்பதை நிறுத்திக்கொள்கிறது.

இவ்வளவு இழுத்தும் பானைச் சுவரிலுள்ள துளைகளுக்குள் காற்று ஏன் புகுந்துவிடுவதில்லை? பள்ளியில் படித்த நுண்புழை விதிதான்: துளை எவ்வளவு சிறிதோ, தண்ணீர் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நிற்கும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத் துளையிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியேற்ற 30 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்கு ஈடான விசை வேண்டும். அதனால் துளைகளில் தண்ணீர் அறுபடாத இழையாக நிற்கிறது.

என்னைச் சொக்கவைப்பது இதற்கு அடுத்த கட்டம். வெயிலில் மா இலையின் துளைகள் திறந்து நீராவி வெளியேறுகிறது. இலையில் குறைந்ததைத் தண்டு இழுக்கிறது, தண்டுக்காக வேர் இழுக்கிறது, வேரைச் சுற்றிய மண் காய்கிறது, அந்த மண் பானையை இழுக்கிறது. இலை நுனியிலிருந்து பானைச் சுவர்வரை ஒரே நீர்க்கயிறு! மதியம் கயிறு இறுகும், இரவில் தளரும். சில மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் பானையை வேர்கள் வலைபோல் பின்னிப் பிடித்திருக்கும். மோட்டார் இல்லை, டைமர் இல்லை.

சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறை இருந்திருக்கிறது. 1970களில் ஹரியானா மாநிலத்துக் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையத்தில் பானை வைத்துக் காய்கறி விளைவித்துப் பார்த்தார்கள். அப்புறம் ஏன் பெரிதாகப் பரவவில்லை? பானைக்கு விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனியும் இல்லை என்பது என் எண்ணம். குயவர் சக்கரத்துக்கும் ஆராய்ச்சி நிதியில் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன?

வாங்கும்போது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். நான் முதலில் அழகுக்கு ஆசைப்பட்டு பெயிண்ட் அடித்த பானையைப் புதைத்தேன். ஒரு சொட்டுக் கசியவில்லை, கன்று போய்ச் சேர்ந்தது. பானையில் ஓட்டை போட்டுத் திரி சொருகுபவர்களும் உண்டு. திரி தளர்ந்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் தன்பாட்டுக்கு ஒழுகும். மண் கேட்கும்வரை காத்திருக்காது. கழுத்துவரை புதைத்து மூடி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான்.

நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புத்தண்ணீர். நாளடைவில் சுண்ணாம்பு படிந்து துளைகளை நிஜமாகவே அடைக்கும். புளி விளையும் தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு புளி போட்டுக் கழுவுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் சுண்ணாம்பிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் எளிதில் கரையாத இன்னொரு உப்பாகப் படியும். வினிகரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, நன்றாக அலசிவிட்டுப் புதையுங்கள்.

போச்சம்பள்ளி நண்பர் இன்னும் சில நாள் வெயில் காயட்டும் என்று விட்டு, மூடியைத் திறந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் தண்ணீர் இறங்காவிட்டால் வினிகர்.