பொதி: ‘பேக்கேஜ்’ என்பதற்கு நம் கையிலேயே இருக்கும் சொல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மதிய நேரத்தில் பேருந்தை விட்டு இறங்கினால் ‘பொதிச்சோறு’ என்ற பலகை கண்ணில் படும். வாட்டிய வாழையிலைக்குள் சோறு, ஓரத்தில் சம்மந்தி என்னும் துவையல், உப்பேரி என்னும் பொரியல், மடித்து வைத்த ஆம்லெட், மேலே தாளைச் சுற்றி நூலால் இறுக்கிய கட்டு. மலையாளத்தில் பொதி என்றால் பொட்டலம். பொதியுக என்றால் சுற்றிக் கட்டுவது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வாழ்கிற எங்களுக்கு அது வேற்றுச் சொல்லாகத் தோன்றியதே இல்லை. பொதிமாடு, பொதிகழுதை, பஞ்சுப்பொதி என்று நாமும் சொல்கிறோமே. லினக்ஸ் இயங்குதளத்தில் நாள்தோறும் புழங்கும் ‘பேக்கேஜ்’ என்பதற்கும் இதுதான் சரியான சொல் என்பது என் கருத்து.

பேக்கேஜ் என்றால் என்ன? யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று விடப்பட்ட ஒரு கட்டற்ற மென்பொருளை எழுதியவர் அதன் மூல நிரலை வெளியிடுகிறார். லினக்ஸையும் மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் ‘டிஸ்ட்ரிபியூஷன்’கள், அதாவது இயங்குதள வழங்கல்கள், பல உண்டு. டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என ஒவ்வொரு வழங்கலிலும் அந்த நிரலை எடுத்து, தங்கள் அமைப்புக்கு ஏற்றபடி கணினி ஓட்டக்கூடிய இயங்குநிரலாக்கி, எந்தக் கோப்பு எந்த அடைவில் (ஃபோல்டரில்) உட்கார வேண்டும் என்று வரிசைப்படுத்தி, சீட்டு ஒன்று எழுதி, கட்டித் தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள். அந்தக் கட்டுதான் பேக்கேஜ்.

டெபியன் 1993இல் இயன் முர்டாக் தொடங்கியது. அதன் பேக்கேஜான ‘டெப்’ கோப்பு ஒன்றை அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே மூன்றே உருப்படி. முதலாவது ‘2.0’ என்று ஒற்றை வரி மட்டும் உள்ள சின்னக் கோப்பு. அது கட்டு முறையின் பதிப்பு எண். இரண்டாவது சீட்டு: பெயர், பதிப்பு, இது ஓட வேறு என்னென்ன வேண்டும் என்ற சார்புப் பட்டியல். மூன்றாவதுதான் சரக்கு. ஜி.எஸ்.டி.க்கு முன்பு தமிழக-கேரள எல்லையில் வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சீட்டு சரியில்லை என்றால் வண்டி நகராது.

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டில் 1995இல் பிறந்த ‘ஆர்.பி.எம்.’ வேறு கட்டு முறை. சரக்கு ஒன்றேதான், ஆனால் பெயர் வைக்கும் வழக்கம்கூட மாறிவிடும். பத்தாவது படிக்கும் என் அண்ணன் மகள் ஒருநாள் என் மடிக்கணினியில் தமிழ் எழுத்துரு நிறுவ உட்கார்ந்தாள். “சித்தப்பா, பேரு சரியாத்தான் அடிச்சேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது.” அவள் பள்ளியில் இருப்பது டெபியன் வழிவந்த உபுண்டுவை அடியாகக் கொண்ட அமைப்பு, அங்கே அதன் பெயர் ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்’. ‘டாம்ல்’ என்பது தமிழ் எழுத்துக்கான பன்னாட்டுக் குறியீடு. என் கணினி ஃபெடோரா, ஆர்.பி.எம். வழி. அங்கே அதே எழுத்துரு ‘லோஹித்-தமிழ்-ஃபான்ட்ஸ்’. அவள் மேல் தப்பே இல்லை. இரண்டு ஊரில் இரண்டு பெயர், அவ்வளவுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு ‘பேக்’ வந்தது டச்சு, கீழ்ஜெர்மன் பேச்சு வழங்கிய கடலோரத்திலிருந்து. அங்கே அது மூட்டை, கட்டு. அதாவது அதுவும் வணிகர் சொல்தான். தமிழில் மூன்று சொற்கள் போட்டியில் இருக்கின்றன. ‘தொகுப்பு’ பரவலாக எழுதப்படுகிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. மூல நிரலை இயங்குநிரலாக மாற்றும் கம்பைலரை ஏற்கெனவே தொகுப்பி என்கிறோம். கவிதைத் தொகுப்பும் இருக்கிறது. தொகுப்பதில் சேர்ப்பது உண்டு, கட்டுவது இல்லை. ‘சிப்பம்’ நல்ல சொல். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ ஒரு சிப்பம். ஆனால் அதில் எடைக்கணக்கின் வாடை தூக்கல். ‘பொதி’யில் இரண்டு பொருளும் அடங்கும்: உள்ளே அடங்கியிருப்பதும் பொதிதல், சுற்றிக் கட்டுவதும் பொதிதல். பொருள் பொதிந்த பேச்சு என்கிறோம். துணியில் பொதிந்து வைத்தாள் என்றும் சொல்கிறோம். பொதியாக்கம், பொதியாளர், பொதிக் களஞ்சியம் என்று கிளைச்சொற்களும் இழுத்த இழுப்புக்கு வரும்.

டிஸ்ட்ரிபியூஷனுக்கு ‘வழங்கல்’ போதும். உணவுப்பொருள் வழங்கல் துறை என்று பழகிய சொல். ‘பகிர்மானம்’ மின்வாரியத்தோடு ஒட்டிப்போய்விட்டது. மலையாளத்தார் ‘விதரணம்’ என்கிறார்கள்.

இப்போது எல்லா வழங்கலிலும் ஓடும் ஒரே கட்டாக ஆப்இமேஜ், ஃபிளாட்பேக், ஸ்னாப் என்று வந்திருக்கின்றன. இவற்றை விளக்கப் பொதிச்சோற்றைவிட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை. டெப் பொதி சோற்றை மட்டும் கொண்டுவந்து, ‘குழம்பு உங்கள் அடுக்களையில் இருக்கட்டும்’ என்று சீட்டில் எழுதியிருக்கும். ஆப்இமேஜ் சம்மந்தி முதல் உப்பேரி வரை கூடவே கொண்டுவரும். ஃபிளாட்பேக் நடுவாந்தரம்; சில பொதுப் பாத்திரங்களை மற்றப் பொதிகளோடு பகிர்ந்துகொள்ளும். கூடவே கொண்டுவருவது வசதிதான், ஆனால் இடம் பிடிக்கும். அப்புறம், பல மென்பொருள்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொது நிரலகம் (லைப்ரரி) ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை கண்டால் டெபியனில் அதை ஒரே இடத்தில் அடைத்தால் போதும். தனித்தனியாகக் கட்டிய பொதிகளிலோ ஒவ்வொன்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

டெபியன் சீட்டில் ‘மெயின்டெய்னர்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்தப் பொதிக்குப் பொறுப்பேற்பவரின், அல்லது பொறுப்பேற்கும் குழுவின், பெயரும் மின்னஞ்சலும் அதில் இருக்கும். பொதியில் ஏதாவது உடைந்தால் நாம் எழுத வேண்டியது அவர்களுக்குத்தான். நான் அவர்களைப் பொதியாளர் என்று எழுதுகிறேன்.