காதில் விழும் புன்னகை

1982 செப்டம்பர் 19 அன்று, அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன் தம் சக ஊழியர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். வேடிக்கையாக எழுதியதை யாரும் வினையாக எடுத்துக்கொள்ளாமலிருக்க, அதன் பக்கத்தில் :-) என்று போடலாம், பக்கவாட்டில் படியுங்கள் என்றார். தலையைச் சாய்த்தால் முகம் தெரியும். திரையைக் காதால் படிப்பவருக்கோ அது முகமே அல்ல. முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி என மூன்று நிறுத்தக்குறிகள்.

பார்வையற்றவர்கள் கணினியையும் கைபேசியையும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் துணையோடு இயக்குகிறார்கள். விண்டோசில் ஜாஸ், என்விடிஏ, ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். இவற்றில் என்விடிஏவை 2006-இல் தொடங்கியவர் மைக்கேல் கரன். பின்னர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள். திரையில் இருக்கும் எழுத்துகளில் எதை ஒலிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று திரைவாசிப்பான் முடிவுசெய்து, பிறகுதான் எழுத்தைக் குரலாக்கும் பேச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. புன்னகை பிழைப்பதும் தொலைவதும் இந்த இடத்தில்தான்.

எல்லா நிறுத்தக்குறிகளையும் பெயர் சொல்லி வாசித்தால் ஒரு பத்தியைக்கூடக் கேட்டு முடிக்க முடியாது. அதனால் என்விடிஏவில் அதற்குப் படிகள் வைத்திருக்கிறார்கள்: எதுவும் வேண்டாம், சில, பெரும்பாலானவை, எல்லாம். நிறுவியதும் இருப்பது ‘சில’. முக்காற்புள்ளி, அரைப்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி எதுவும் அந்தப் படியில் பெயரோடு ஒலிப்பதில்லை. “நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் ;-)” என்று ஒருவர் கண்ணடித்து அனுப்புகிறார். கேட்பவர் காதில் விழுவது “நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” மட்டும். கிண்டல், பாராட்டாக மாறிவிட்டது.

படியை உயர்த்தினால் குறிகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழும். பழகியவர்கள் சாதாரணப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கேட்பவர்கள். அந்த மூன்று பெயர்களும் ஒரே மூச்சில் ஓடி, நாளடைவில் அவர்களுக்கு ஒரு சொல்லாகவே ஆகிவிடுகின்றன. இதைவிட நல்ல வழி, திரைவாசிப்பானின் உச்சரிப்பு அகராதியில் :-) வந்தால் ‘புன்னகை’ என்று சொல்லும்படி எழுதி வைப்பது. என்விடிஏவோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளாக, இதைச் செய்துதரும் துணைநிரலும் உண்டு.

அகராதியாலும் பிடிக்க முடியாத ஒரு சிக்கல் அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் எழுதிய மின்னஞ்சல்களில் வரும். அங்கே :) என்று தட்டச்சு செய்தால் மென்பொருள் அதைத் தானாக மாற்றி, விங்டிங்ஸ் எழுத்துருவில் புன்னகை முகமாகக் காட்டும். அந்த எழுத்துருவில் ஆங்கில ‘ஜே’ எழுத்தின் வடிவம்தான் சிரிப்பு. எழுத்துரு கண்ணுக்கு, திரைவாசிப்பானுக்கு எழுத்து. ஆக, கடிதத்தின் கடைசியில் காரணமே இல்லாமல் ஒரு ‘ஜே’ ஒலிக்கும்.

எமோஜி இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் தரநிலை யூனிகோடு. 2010-இல் வெளிவந்த அதன் 6.0 பதிப்பு, எமோஜிகளுக்கும் எழுத்துகளைப் போலவே எண் கொடுத்தது. ஆனந்தக் கண்ணீர் விடும் முகத்தின் எண் 128514. இந்த எண்களுக்கு உரிய சிறு பெயர்களை யூனிகோடு கூட்டமைப்பு தமிழ் உட்படப் பல மொழிகளில் தொகுத்து வைத்திருக்கிறது; அந்தப் பெயரே காதில் ஒலிக்கிறது. படத்துக்கு விளக்கம் யாரும் தனியாக எழுத வேண்டியதில்லை.

ஆனால் பெயர் ஒன்று, புழக்கம் வேறொன்று. 😪 முகத்தின் பெயர் தூங்குமூஞ்சி. மூக்கோரம் தொங்கும் குமிழியைக் கண்ணீர் என்று நினைத்து, பலர் அதைச் சோகத்துக்கு அனுப்புகிறார்கள். துக்கச் செய்தியை அடுத்துத் தூக்கம் ஒலித்தால் கேட்பவர் என்ன நினைப்பார்? 😤 முகத்துக்கு யூனிகோடு முதலில் வைத்த பெயரில் வெற்றிப் பெருமிதம் இருந்தது. இப்போதைய சிறு பெயரில் மூக்கிலிருந்து ஆவி வருகிறது. அனுப்புபவர் மனத்தில் இருப்பதோ பெரும்பாலும் கோபம்.

சில எமோஜிகள் பல எண்களைக் கோத்துச் செய்தவை. 2019-இல் வந்த வெள்ளைக்கோல் பிடித்த ஆண் எமோஜியே அப்படித்தான்: ஆண், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி, வெள்ளைக்கோல். பழைய மென்பொருளுக்கு இந்தக் கோவை தெரியாது. ஆணை மட்டும் சொல்லிக் கோலைக் கைவிடவும் கூடும்.

கண் ஒரு வரியை ஒட்டுமொத்தமாகப் பார்க்கும். காது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கேட்கும். அதனால் இடம் முக்கியம். வாக்கியத்தின் நடுவே செருகிய எமோஜி, பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவது போன்றது. சில திரைவாசிப்பான்கள் ஒரே முகம் ஐந்து முறை வந்தால் எண்ணிச் சொல்லும். மற்றவை ஐந்து முறையும் முழுப் பெயரை ஒப்பிக்கும். வாக்கியத்தின் இறுதியில் ஒன்று போதும் என்பதே என் கருத்து.

திரையின் எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும் பிரெய்லி காட்டியில் படிப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். :-) அங்கே சில கட்டங்கள்தான், விரல் அதைச் சட்டென்று இனம் காணும். நாற்பது கட்டங்கள் கொண்ட கருவியில் ஓர் எமோஜியின் முழுப் பெயர் பாதி வரியை விழுங்கிவிடும்.

முகத்தைப் பார்த்திராதவருக்குப் புன்னகைக் குறி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஜூடோ வீரர்களின் முகங்களை டேவிட் மாட்சுமோட்டோவும் பாப் வில்லிங்ஹாமும் ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்களும் வெற்றியிலும் தோல்வியிலும் மற்றவர்களைப் போலவே முகபாவம் காட்டினார்கள். சிரிப்பு பார்த்துக் கற்றது அல்ல.

அனுப்புவதிலும் பார்வையற்றவர்கள் பின்தங்கவில்லை. எமோஜிப் பலகையில் விரலை நகர்த்தி ஒவ்வொரு பெயராகக் கேட்டுத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும். அதனால் பெயரைத் தட்டச்சு செய்து தேடுகிறார்கள். அல்லது கைபேசியின் உரை மாற்று வசதியில் இரண்டெழுத்துச் சுருக்கம் ஒன்றைப் பதிந்து, அதை அடித்தால் முகம் வரும்படி வைத்துக்கொள்கிறார்கள். பலருக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. மூன்று விசைகளில் முடிகிற :-) அவர்கள் கைக்கு இன்னும் எளிது.