கோமிதாஸைக் காட்டி மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் ஓர் அண்ணன் தன் கைப்பேசியை என் மேசைமேல் வைத்து, "இதைக் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்றார். பைத்தியம் பிடித்த மேதைகளைப் பற்றி யாரோ செய்திருந்த மூன்று நிமிட வீடியோ. ஆர்மேனிய இசையமைப்பாளர் கோமிதாஸின் தாடி வைத்த முகம் வந்தது. "இவ்வளவு பெரிய ஆளுக்கே இப்படி இருந்திருக்கு. என் தம்பியும் அந்த மாதிரிப் பிறவிதான். மாத்திரை கொடுத்து அவன் வாசிப்பைக் கெடுத்துடாதீங்க."

தம்பி வயலின் வாசிப்பவர். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் அங்கேயே போய்விட்டான். அதிலிருந்து எட்டு மாதமாகத் தூக்கம் இல்லை. கதவு அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை. வீட்டில் எல்லோரும் "கலைஞன், அவன் உலகத்தில் இருக்கிறான்" என்று சொல்லி, சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். எட்டு மாதம்!

இப்படி வந்த குடும்பங்களில் இது முதலாவது அல்ல. ஒரு முறை ஓவியர், ஒரு முறை கவிதை எழுதும் பெண். காட்டப்படும் மேதையின் பெயர் மாறும், வாதம் மாறாது. இந்த முறை காட்டியது கோமிதாஸை. அவருடைய பாடல்களைப் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். அவருடைய நோயைப் பற்றி என் துறையினர் எழுதியதையும் படித்திருக்கிறேன். அதனால் இதைச் சும்மா விட முடியவில்லை.

கோமிதாஸின் இயற்பெயர் சோகோமோன் சோகோமோனியன். 1869-இல் ஓட்டோமான் பேரரசின் (இன்றைய துருக்கியின்) கூத்தாஹ்யா நகரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா கம்பளம் நெய்பவர், இருவரும் நன்றாகப் பாடுவார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே அம்மா போய்விட்டார். பன்னிரண்டு வயதுக்குள் அப்பாவும் இல்லை. ஆர்மேனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினில், குரல் வளமுள்ள ஓர் அநாதைச் சிறுவனைக் குருமடத்தில் சேர்க்கக் கேட்டிருந்தார்கள். 1881-இல் இவரைக் கூட்டிப் போனார்கள். திருச்சபைத் தலைவர் நான்காம் கெவோர்க் ஆர்மேனிய மொழியில் பேச, பையனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கூத்தாஹ்யா ஆர்மேனியர்கள் துருக்கி மொழிதான் பேசினார்கள். ஆர்மேனியன் தெரியாது, வேண்டுமானால் பாடுகிறேன் என்று சொல்லி, பொருள் தெரியாமலே மனப்பாடமாக வைத்திருந்த ஓர் ஆர்மேனியத் துதிப்பாடலைப் பாடினான் பையன். தலைவர் நெகிழ்ந்துபோனார் என்பது எல்லோரும் சொல்லும் கதை.

ஒரு மனநல மருத்துவராக நான் கவனிப்பது இன்னொன்றை. பன்னிரண்டு வயதுக்குள் இத்தனை இழப்பு, அதன் மேல் மொழி தெரியாத ஊர். அப்படியும் பையன் உடைந்துபோகவில்லை. படித்தான், துறவியானான். ஏழாம் நூற்றாண்டில் துதிப்பாடல் எழுதிய ஒரு திருச்சபைத் தலைவரின் பெயரான கோமிதாஸ் என்பதை அவனுக்குச் சூட்டினார்கள். "சிறுவயதிலிருந்தே பலவீனமான மனசு" என்று அந்த வீடியோ சொல்கிறதே, அது சரியே இல்லை.

பிறகு திப்லிஸ் (இன்றைய ஜார்ஜியாவின் தலைநகர்). அங்கிருந்து பெர்லினில் 1896 முதல் 1899 வரை மூன்று வருடம், தனியார் இசைப்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படிப்பு. எச்மியாட்சினுக்குத் திரும்பியதும் கிராமம் கிராமமாக அலைந்தார். பாட்டை மேடையில் தேடவில்லை. ஏர் ஓட்டுகிறவன் பாட்டை ஏர் ஓடும் இடத்தில் கேட்டார். லோரிப் பகுதியின் வார்தாப்லூர் கிராமத்து உழவுப் பாட்டைப் பற்றி ஒரு முழு ஆய்வே எழுதினார். மாட்டை அதட்டும் குரல் எங்கே இசையாகிறது, எங்கே மறுபடி அதட்டலாகிறது என்று வரி வரியாகப் பிரித்தார். குர்து மக்களின் மெட்டுகளையும் எழுதி அச்சிட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைச் சேகரித்தார் என்கிறார்கள். நமக்கு மிஞ்சியது ஏறத்தாழ 1,200.

'சேகரித்தவர்' என்பதோடு விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆர்மேனியக் கிராமப் பாட்டு ஒற்றைக் குரலில் போகும். அதன்மேல் ஐரோப்பிய ஒத்திசைவை அப்படியே ஒட்டினால் பாட்டு செத்துவிடும். கோமிதாஸ் அந்த மெட்டுக்குள் இருக்கும் சுரங்களிலிருந்தே மற்றக் குரல்களை எடுத்தார். 'அந்தூனி' கேட்டுப் பாருங்கள். வீடில்லாதவன் பாடும் பாட்டு அது. கீழே பியானோ ஒன்றிரண்டு சுரங்களை மட்டும் வைத்துவிட்டு விலகி நிற்கும். 1906 டிசம்பரில் பாரிஸில் அவர் இந்தப் பாடல்களை அரங்கேற்றினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசி அவரை வியந்தவர்களில் ஒருவர். 1910-இல் கான்ஸ்டான்டினோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) குடிபெயர்ந்து 300 பேர் கொண்ட பாடகர் குழுவை உருவாக்கினார். முந்நூறு பேரை ஒத்திகைக்கு வரவைப்பதற்கு எவ்வளவு தெளிவான மூளை வேண்டும் என்று குழு நடத்தியவர்களைக் கேளுங்கள்.

அதற்கு முன் 1909-இல், அமைதியாக உட்கார்ந்து வேலை செய்ய இடம் கொடுங்கள் என்று திருச்சபைத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தைக்கூடச் சிலர் நோயின் ஆரம்பம் என்கிறார்கள். வேலைப்பளு தாங்காமல் ஒதுங்க நினைப்பவர்களுக்கெல்லாம் நோய்ப்பெயர் வைத்தால் ஊரில் ஒருவர் மிஞ்ச மாட்டார்கள்.

1915 ஏப்ரல் 24. கான்ஸ்டான்டினோபிளில் ஆர்மேனிய எழுத்தாளர்கள், மருத்துவர்கள், குருமார்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களை அன்றிரவு முதல் ஓட்டோமான் அரசு கைது செய்தது. ஆர்மேனிய இனப்படுகொலையின் தொடக்கமாக இன்றும் நினைவுகூரப்படும் நாள் அதுதான். கோமிதாஸுக்கு அப்போது 45 வயது. ரயிலில் ஏற்றி, பிறகு வண்டிகளில், அங்காராவுக்கு வடகிழக்கே உள்ள சாங்கிரிக்குக் கொண்டுபோனார்கள். உடன் போன குருவானவர் கிரிகோரிஸ் பாலகியன் தப்பிப் பிழைத்து எழுதிய நினைவுக் குறிப்புகளில், வழியிலேயே கோமிதாஸின் மனம் கலங்கியதைச் சொல்கிறார். மரங்களைப் பார்த்து, தாக்க வரும் கொள்ளைக்காரர்கள் என்று பயந்தார். பாலகியனின் மேலங்கிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். தனக்காக ஜெபம் சொல்லும்படி கெஞ்சினார்.

அந்த வரிகளைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நிழலைப் பார்த்து லாரி வருகிறது என்று ஒடுங்கும் என் நோயாளிகள் கண்முன்னே வந்தார்கள்.

சில வாரங்களில், மேலிடத் தலையீட்டால், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு கோமிதாஸை விடுவித்தார்கள். மே மாதம் வீடு திரும்பினார். உடன் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. கவிஞர் தானியேல் வரூஜானும், கவிஞராகவும் மருத்துவராகவும் இருந்த ரூபென் செவாக்கும் ஆகஸ்டில் சாங்கிரி அருகே கொல்லப்பட்டார்கள். தான் மட்டும் ஏன் திரும்பினோம் என்ற கேள்வி அவரை அரித்திருக்கும் என்பது என் ஊகம். தப்பிப் பிழைத்து என் முன்னால் உட்கார்ந்தவர்களில் அதைக் கேட்காதவர் மிகக் குறைவு.

இப்போது அந்த அண்ணனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தயவுசெய்து வருடங்களைப் பாருங்கள். உழவுப் பாட்டு ஆய்வு, அந்தூனி, பாரிஸ் கச்சேரி, முந்நூறு பேர் குழு, திருப்பலிப் பாடல்கள், எல்லாம் 1915-க்கு முன்னால். திரும்பி வந்த பிறகு, 1916-இல், பியானோவுக்கான நடன இசையைச் செப்பம் செய்திருக்கிறார். மனம் சிதறிக்கொண்டிருந்த நேரத்திலும் அந்தக் கை வேலையைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நண்பர்கள் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1919-இல் பாரிஸ் அருகே வில்-எவ்ரார் மனநல விடுதி, 1922-இலிருந்து வில்ஜுயிஃப். 1935 அக்டோபர் 22-இல் இறந்தார். ஏறத்தாழ பத்தொன்பது வருடம். அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு பாட்டும் இல்லை.

நோயிலிருந்துதான் கலை ஊறுகிறது என்றால், அவர் மிக அதிகமாக எழுதியிருக்க வேண்டிய காலம் இது. துயரம் அவரிடம் இல்லையா? நேரம் இல்லையா? தனிமை இல்லையா? நீங்கள் மேதைக்குத் தேவை என்று சொல்லும் எல்லாமே இருந்தன. தூக்கம் இல்லை, பயமில்லாத ஒரு நாள் இல்லை, மனதை ஒரு சுரத்தில் நிறுத்தும் திராணி இல்லை. ஒரு சுரத்தை வைத்துப் பார்த்து, அழித்து, மறுபடி வைப்பது நிதானமான வேலை. அதற்கு நாளை என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கை வேண்டும். நோய் முதலில் பிடுங்குவது அதைத்தான். அவரது பாட்டு நோய்க்கு முன்னால் பிறந்தது, நோய் வந்ததும் நின்றது. இதில் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மேதைமையைக் கொடுத்தது பைத்தியம் என்று வராது.

அவருக்கு என்ன நோய் என்பதில் இன்றும் முழு உடன்பாடு இல்லை. மொன்றியலைச் சேர்ந்த ஒரு மனநல மருத்துவர் ஆவணங்களை ஆராய்ந்து, அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், அதாவது பி.டி.எஸ்.டி. என்று 2001-இல் வாதிட்டார். எனக்கு அது பொருந்துவதாகத்தான் படுகிறது. அந்தப் பெயரே 1980-இல்தான் அமெரிக்க மனநலச் சங்கத்தின் பட்டியலில் ஏறியது. குண்டுச் சத்தத்தில் நிலைகுலைந்த படைவீரர்களைப் பற்றி 'ஷெல் ஷாக்' என்று லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது, கோமிதாஸ் கைதான அதே 1915-இல். மனநோய்க்கான முதல் நவீன மாத்திரை 1952-இல் வந்தது. அப்போது அவர் இறந்து பதினேழு வருடம் ஆகிவிட்டது. அவருக்குக் கொடுக்க எந்த மருத்துவரிடமும் எதுவும் இருக்கவில்லை. உங்கள் தம்பிக்குக் கொடுக்க என்னிடம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

மாத்திரையைப் பற்றிய பயத்தில் ஒரு பகுதி நியாயமானது, மறைக்க மாட்டேன். சில மாத்திரைகளுக்குக் கைநடுக்கம் வரும், சிலவற்றுக்கு மந்தம். வில் பிடிக்கும் கைக்கு அது பெரிய விஷயம். முதல் நாளே சொல்லுங்கள், "நான் வாசிக்கிறவன்" என்று. அளவைக் குறைப்போம், வேறு மாத்திரைக்கு மாற்றுவோம், மாத்திரை இல்லாமல் பேச்சுச் சிகிச்சையில் தொடங்க முடியுமா என்றும் பார்ப்போம். நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

விபத்தோ வன்முறையோ கண்ட முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் சாதாரணம். ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை என்றால் கூட்டி வாருங்கள். எட்டு மாதம் காத்திருக்காதீர்கள். "அதை மறந்துடு" என்று சொல்லாதீர்கள், அவரால் முடிந்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பார். "என்ன நடந்துச்சு, முதலிலிருந்து சொல்லு" என்று வருகிற சொந்தக்காரர்கள் முன்னால் உட்கார வைத்துக் கிளறவும் கூடாது. பேச வந்தால் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள். தட்டை வாசலில் வைக்காதீர்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பூச்சிமருந்து, மாத்திரைப் பட்டை இவற்றைப் பூட்டி வையுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, இதைக் கோமிதாஸிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அவரை மருத்துவமனையில் சேர்த்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்தார்கள், கையெழுத்துப் பிரதிகளும் உடைமைகளும் சிதறின. பல வருட உழைப்பு எங்கெங்கோ போய்விட்டது. நண்பர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, இனி அவர் வரமாட்டார் என்று முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். நோயாளியின் பொருளை, முக்கியமாகக் கைவேலைப் பொருளை, விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். அதைப் பார்த்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றால் ஒரு துணியில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அண்ணன் கடைசியில் கேட்டது இதைத்தான். பெட்டியைப் பார்த்தாலே தம்பி முகம் மாறுகிறது, பக்கத்து ஊரில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார் என்று. வேண்டாம் என்றேன். தந்திகளைத் தளர்த்தி, ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன். மாத்திரை சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தம்பியைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.