எஞ்சினுக்கு ஏது இடப்பெயர்ச்சி?

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு கராஜில் மோட்டச்சைக்கிளுக்குச் செயின் மாற்றக் குடுத்திட்டுக் காத்திருந்தேன். பக்கத்து வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் காணொளி ஒன்றைச் சத்தமாக விட்டிருந்தான். அடுத்து என்னென்ன எஞ்சின்கள் வரப்போகின்றன என்ற ஊகம். "கலிபோர்னியா ஆவணத்தின்படி இந்தக் குடும்பத்தின் இடப்பெயர்ச்சி 399" என்றது குரல். கராஜ்கார அண்ணை கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எந்தக் குடும்பமடா தம்பி?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. 2009 தொடக்கத்தில், போருக்குள், தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று பிள்ளைகளோடு நடந்த மனிதர். குடும்பம், இடப்பெயர்வு, ஓர் எண். இந்த மூன்றும் ஒரே வரியில் வந்தால் வன்னியில் அது நிவாரணப் பதிவுதான். எஞ்சினின் சீசீ அளவைச் சொல்லும் 'டிஸ்பிளேஸ்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை இப்படி 'இடப்பெயர்ச்சி' ஆக்குவதை நான் கேட்பதும் இது முதல்தரமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆவணம். கலிபோர்னியாவில் ஒரு மோட்டார் சைக்கிளை விற்க வேண்டுமென்றால் அதன் புகை அளவுக்கு அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியத்திடம் சான்று பெறவேண்டும். சான்றில் மாதிரியின் பெயர், எஞ்சின் அளவு எல்லாம் இருக்கும், யாரும் பார்க்கலாம். வண்டி கண்ணில் படமுதல் எண் வெளியே வந்துவிடுவதும் உண்டு. அங்கே 'குடும்பம்' என்று எழுதுவது ஒரே மாதிரிப் புகைவிடும் எஞ்சின்களைச் சேர்த்த வகையை. தமிழில் 'எஞ்சின் வகை' என்றால் முடிந்தது.

அடுத்தது டிஸ்பிளேஸ்மென்ட். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, இடத்தை விட்டு அகற்றுதல். கப்பல் ஒதுக்கும் நீருக்கும், ஊரை விட்டுத் துரத்தப்பட்ட சனத்துக்கும், எஞ்சினின் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் வழிக்கும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல். அவர்களிடம் ஒரு சொல்தான் இருக்கிறது என்பதற்காக எங்களுக்கும் ஒன்றுதான் இருக்கவேண்டுமா?

'இடப்பெயர்ச்சி பாடப்புத்தகத்தில் உள்ள சொல்தானே' என்று ஒரு நண்பர் வாதிட்டார். உள்ளதுதான். பௌதிகவியலில் அது காவிக் கணியம். திசை உண்டு, மீற்றரில் அளப்பது. எஞ்சினின் அளவோ கன சென்ரிமீற்றரில் வருவது, அதற்குத் திசையே இல்லை. இன்னும் ஒன்று: பிஸ்டன் மேலிருந்து கீழே போய்த் திரும்ப மேலே வந்தால், அதே பாடப்புத்தகத்தின்படி அதன் இடப்பெயர்ச்சி பூச்சியம். சாதாரண தரம் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு இது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு 399 என்றால் பிள்ளை எதை நம்பும்?

'பெயர்' என்ற வினை மோசமான வினையில்லை. சனிப்பெயர்ச்சியில் இருக்கிறது, நாற்றைப் பெயர்த்து நடுவதில் இருக்கிறது. தொல்காப்பிய மரபியலில் வரும் 'மொழிபெயர்த்து' என்ற சொல்லும் அதுதான். ஒன்று ஓரிடம் விட்டு இன்னோரிடம் சேர்வதைச் சொல்வது. எஞ்சினுக்குள் எதுவும் இடம் விட்டுப் போய்ச் சேரவில்லை. பிஸ்டன் அதே சிலிண்டருக்குள் ஓடி ஓடி வருகிறது.

அந்த அளவு உண்மையில் என்ன? பிஸ்டன் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைக்குப் போகும்போது வழித்துச் செல்லும் இடத்தின் கனவளவு. ஒரே ஒரு சிலிண்டர் உள்ள ட்ரையம்ப் ஸ்பீட் 400 மோட்டச்சைக்கிளை எடுப்போம். சிலிண்டரின் விட்டம் 89 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 64. ஆரை 4.45 சென்ரிமீற்றர், அதன் வர்க்கத்தை 3.1416 ஆல் பெருக்கி, வந்ததை 6.4 ஆல் பெருக்கினால் 398.15. அதுதான் சீசீ.

ஆகவே என் சொல் 'வீச்சுக் கனவளவு'. ஒரு வீச்சில் பிஸ்டன் எவ்வளவு இடத்தை வழிக்கிறதோ அவ்வளவு. 'கொள்ளளவு' என்று எழுதுவோரும் உண்டு. அதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் நுட்பமாகப் பார்த்தால் இடறும். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் அதற்கு மேலே கொஞ்ச இடம் மிஞ்சும். பிளக் பொறி விடுவது அங்கேதான். கொள்ளளவு என்றால் அந்த இடமும் சேரவேண்டும், சீசீக் கணக்கில் அது சேராது. பெற்றோல் ராங்கிக்கும் கொள்ளளவு என்கிறோம் என்பது இன்னொரு குழப்பம்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு கதையா என்று கேட்கலாம். ஊகம் முழுவதும் இந்த எண்ணில்தான் தொங்குகிறது. இந்தியாவில் 2025 செப்டெம்பர் 22 முதல் 350 சீசீ வரைக்கும் வரி 18 வீதம், அதற்கு மேல் 40 வீதம். 398 இல் நிற்கும் எஞ்சின்கள் 350 க்குக் கீழே இறங்குமா என்று ஆட்கள் கணக்குப் போட்டது அதனால்தான். ஜப்பானில் நடுத்தர உரிமத்தின் எல்லை 400. 399 என்ற எண்ணுக்கு அங்கே அர்த்தம் உண்டு. எங்கள் நாட்டிலும் 100 சீசீக்கு மேல் ஓட வேறு வகுப்பு அனுமதிப்பத்திரம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபிறகு இங்கத்தைப் பெடியளும் இந்த எண்களைக் கவனமாகப் பார்க்கிறார்கள். காணொளி செய்கிறவர்கள் அவர்களுக்கு விளங்காத தமிழில் சொல்லிவிட்டு, 'தமிழில் தொழில்நுட்பம் சொல்ல ஏலாது' என்று பழியைத் தமிழில் போடுகிறார்கள். சொல்ல ஏலும். ஆங்கில வரியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை வாசித்துப் பாராமல் ஒலிப்பதிவு செய்கிற பழக்கம்தான் பிழை. ஒரு தரம் தாங்களே கேட்டிருந்தால் நாக்கு நின்றிருக்கும்.

கராஜில் அந்தப் பெடியனிடம் கடதாசித் துண்டு வாங்கி எழுதிக் காட்டினேன்: 'இந்த எஞ்சின் வகையின் வீச்சுக் கனவளவு 399 கன சென்ரிமீற்றர்.' அண்ணை எட்டிப் பார்த்து இரண்டுதரம் வாசித்தார். "ஓ, சீசீயைச் சொல்லுறியள்" என்றார். "இது விளங்குது." பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு செயினுக்குத் திரும்பினார்.