ஏபிஎஸ் லைட் அணையவில்லையா? யூனிட்டை மாற்றுவதற்கு முன் வீலைச் சுற்றிப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வண்டியோடு வந்தார். 2019 மாடல், 350 சிசி, டூயல் சேனல் ஏபிஎஸ்; அதாவது பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு இரண்டு வீலுக்கும் உண்டு. "தம்பி, மீட்டர்ல மஞ்ச லைட்டு அணையவே மாட்டேங்குது. ஒரு இடத்துல காட்டினேன், யூனிட்டே போச்சுன்னுட்டாங்க. பேசாம வித்துடலாமான்னு இருக்கு" என்றார். அவர் நீட்டிய எஸ்டிமேட் சீட்டில் இருந்த தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய மொபெட்டே வாங்கலாம்.

"சார், சமீபத்துல பஞ்சர் ஏதும் போட்டீங்களா?"

"ஆமா, பின் வீல். ரெண்டு வாரம் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. டிஸ்க்கை ஒட்டி வட்டமாக, பல் பல்லாக அல்லது ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய தகடு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஏபிஎஸ் ரிங். அதன் பக்கத்தில், சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், சென்சார் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு துடிப்பு போகும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் வீல் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று யூனிட் (ஏபிஎஸ்ஸின் மூளையும் வால்வுகளும் உள்ள பெட்டி) கண்டுபிடிக்கிறது. பிரேக் பிடிக்கையில் ஒரு வீலின் வேகம் மட்டும் சடாரென்று விழுந்தால், லாக் ஆகப் போகிறது என்று புரிந்துகொண்டு அந்த வீலுக்குப் போகும் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கும். எண்ணிக்கையிலேயே குழப்பம் வந்தால், "எனக்குக் கணக்கு சரியா வரலை" என்று ஒதுங்கிக்கொண்டு லைட்டைப் போட்டுவிடும். அப்போதும் சாதாரண பிரேக் வேலை செய்யும். வீல் லாக் ஆவதைத் தடுக்கத்தான் ஆள் இருக்காது.

சாரின் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். முக்கால் சுற்று ஒழுங்காக வந்த ரிங், கட்டைவிரல் நீளமுள்ள ஓரிடத்தில் மட்டும் உள்ளே சாய்ந்து சென்சாரைத் தொடப் பார்த்தது. மற்ற இடங்களில் தாராளமாக நுழைந்த ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அங்கே நுழையவில்லை. பஞ்சர் கடையில் வீலை டிஸ்க் பக்கம் கீழே இருக்கும்படி தரையில் போட்டு, மேலே ஏறி மிதித்து டயரைக் கழற்றியிருக்கிறார்கள். ரிங் தகடு அந்த எடையைத் தாங்காது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், அரை மில்லி ஆட்டம்கூட வேகமாகப் போகும்போது கணக்கைக் குழப்பும். புது ரிங்தான் போட்டோம். அந்தச் சீட்டில் இருந்த தொகையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், அதற்கு முன்பே சந்தையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. அந்த முதல் வரிசை வண்டிகளெல்லாம் இப்போது ஆறேழு வயதைத் தாண்டிவிட்டன. இந்தப் புகார் அதிகமாக வரத் தொடங்கியிருப்பது அதனால்தான்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலவீனமான பேட்டரியில் யூனிட் முதலில் கண்ணை மூடிக்கொள்ளும். ஃபாக் லைட், பெரிய ஹாரன் என்று கண்ட இடத்தில் ஒயரைச் சுரண்டி கனெக்‌ஷன் எடுத்த வண்டியானால் அதையும் சேர்த்தே சந்தேகப்படுவேன். அடுத்து ஃபியூஸ். பிறகு சென்சார் முனை: காந்தம் உள்ள சென்சாரில் பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத் தூள் மீசை மாதிரி அப்பிக்கொண்டிருக்கும், துணியால் துடைத்தாலே பாதி கேஸ் முடிந்துவிடும். பிறகு வீல் பேரிங். பேரிங் ஆடினால் ரிங்கும் ஆடும். இந்த மாதிரி வண்டிகளில் லைட் வளைவிலோ ஸ்பீட் பிரேக்கரிலோ மட்டும் வந்து வந்து போகும்.

இன்னொரு தொல்லை முன் சென்சார் ஒயர். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் அது மடங்குகிறது. வெளியே ரப்பர் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மல்டிமீட்டரை மாட்டிவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிப் பார்த்தால்தான் பிடிபடும். வாட்டர் வாஷ் பிரஷரை நேராகக் கப்ளரில் (ஒயர்கள் இணையும் பிளக்கில்) அடித்து, உள்ளே பச்சை பூத்த வண்டிகளையும் எண்ணி முடியாது. எலி கடித்த ஒயர் தனிக்கதை.

கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டினால் 'பின் வீல் சென்சார்' என்று பிழைக் குறியீடு வரும். உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்த வழியில் வரும் சிக்னல் சரியில்லை என்று மட்டுமே ஸ்கேனர் சொல்கிறது. ரிங்கா, ஒயரா, பேரிங்கா, சென்சாரா என்று தேடுவது நம் வேலை. இன்னொன்று: ஹால் வகை சென்சாரை (உள்ளே மின்னணுச் சில்லு இருக்கும்) ஓம் வைத்து, அதாவது மின்தடையை அளந்து, 'செத்துப்போச்சு' என்று தூக்கிப் போடாதீர்கள். அந்தச் சோதனை காயில் (கம்பிச்சுருள்) வகைக்குத்தான் பொருந்தும். எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயப்படத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. செயினுக்கு மசகு (லூப்) அடிக்க ஸ்டாண்டில் போட்டு கியரில் ஓடவிட்டால், பின் வீல் சுற்றும், முன் வீல் நிற்கும். யூனிட் குழம்பி லைட்டைப் போடும். சாவியை அணைத்துப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

லைட் எரியாததாலேயே கவனிக்கப்படாமல் போவது பிரேக் ஆயில். ஏபிஎஸ் யூனிட்டைக் கொல்வது பல நேரம் இதுதான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த ஈரம் யூனிட்டுக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளை அரித்துச் சிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் "லெவல் ஃபுல்லாத்தானே இருக்கு" என்பார்கள். காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும் ஆயில் நிறைந்திருந்து என்ன பயன்? யூனிட்டுக்குள் காற்று புகுந்த சில மாடல்களில் ஸ்கேனரால் பம்ப்பை ஓடவிட்டுத்தான் ஏர் எடுக்க முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் சாவி போட்டதும் ஏபிஎஸ் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிய வேண்டும், நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால், கோளாறு தெரியாமலிருக்க யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கலாம்.

ரிங் மாட்டியபின் ஆளில்லாத சாலையில், மண் படிந்த ஓரத்தில் சாரையே மெதுவாக ஓட்டிப் பின் பிரேக்கை அழுத்தச் சொன்னேன். திரும்பி வந்தவர் முகத்தில் ஆச்சரியம். "கால்ல டொக்டொக்குனு உதைக்குதேப்பா!"

"அதுதான் சார் ஏபிஎஸ்."

இத்தனை வருடத்தில் அவர் அதை உணர்ந்ததே இல்லையாம். அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது சைடு பாக்ஸில் ஒரு கோணிச்சாக்கு மடித்து வைத்திருந்தார். பஞ்சர் கடையில் வீலை அதன்மேல்தான், டிஸ்க் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டுமாம். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வாராம்.