ஒரு குப்பியை இருபது குட்டிக்குப் பங்கு போடாதீர்கள்

"ஊசி போட்டதாலதானே டாக்டரம்மா வைரஸ் மாறி முறுக்கிக்கிட்டுச்சு?"

கொள்ளிடக் கரையோரப் பன்றிப் பண்ணை ஒன்றில் போன வாரம் ஒருவர் இப்படிக் கேட்டார். இந்தக் கேள்வி என் காதில் விழுவது இந்த மாதத்தில் மூன்றாவது முறை. அவர் கண்ணெதிரில் பதினொரு குட்டிகள் செத்துக் கிடந்தன. காதிலும் அடிவயிற்றிலும் ஊதா நிறத் திட்டுகள், அதற்கு முன் நான்கு நாள் காய்ச்சல், பின்னங்கால் தள்ளாட்டம். பார்த்தவுடன் மனசு கனத்துப்போனது.

விசாரித்தால் கதை வேறு. பத்துப் பன்றிக்கான ஒரு பன்றிக் காய்ச்சல் தடுப்பூசிக் குப்பியைத் தண்ணீர் கூட்டிக் கலக்கி இருபது குட்டிக்குப் போட்டிருக்கிறார்கள். குப்பி தஞ்சாவூரிலிருந்து ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் வந்தது. ஊசி போட்ட அன்றே சந்தையில் வாங்கிய மூன்று குட்டிகளையும் அதே கொட்டகையில் விட்டிருக்கிறார்கள்.

அண்ணே, ஊசி வைரஸை மாற்றுவதில்லை. வைரஸ் தானாகவே மாறும். பன்றியின் உடம்பில் அது தன்னைப் படியெடுத்துப் பெருகும்போதெல்லாம் பிழைகள் விழும். பெரும்பாலான பிழைகள் உதவாமல் போகும், ஒன்றிரண்டு நிலைக்கும். அப்படியென்றால் எங்கே அதிகம் மாறும்? எங்கே அதிகம் பெருகுகிறதோ அங்கே. ஊசியே போடாத கொட்டகைதான் அதற்கு முழு வயல்.

நெல்லில் புகையான் பூச்சிக்கு மருந்து அடித்தவர்களுக்கு இது புரியும். திரும்பத் திரும்ப ஒரே மருந்தை அடித்தால் அதைத் தாங்கும் பூச்சிதான் மிஞ்சும். மருந்து அந்தப் பூச்சியை உண்டாக்கவில்லை, மற்றதை விலக்கி அதற்கு இடம் விட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பூச்சி பெருகிய பிறகு மருந்து அடிக்கிறோம். தடுப்பூசியோ வைரஸ் பெருகுவதற்கு முன்பே காத்து நிற்கிறது. பெருகவே விடாவிட்டால் தேர்ந்தெடுக்க எது இருக்கும்? அதனால்தான் தடுப்பூசியைத் தாண்டும் வைரஸ் அபூர்வம். பாதி அளவு போட்டீர்களானால் அந்த நல்ல விஷயத்தையே கெடுத்துவிடுகிறீர்கள். பன்றிக்கு அரைகுறை எதிர்ப்பு வரும், வைரஸும் உள்ளே பெருகும்.

ஊசிக்கும் வைரஸ் மாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குட்டிகளை மெலிய வைக்கும் சர்க்கோ வைரஸுக்கான ஊசி 2006 வாக்கில் வந்தது. நோயை நன்றாகக் குறைத்தது, தொற்றை முழுசாக நிறுத்தவில்லை. இன்று பண்ணைகளில் அதிகம் காண்பது அந்த ஊசியிலுள்ள 'ஏ' வகை அல்ல, 'டி' வகை. ஊசியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் 'ஏ' போய் 'பி' வரத் தொடங்கியது ஊசி வருவதற்கு முன்பே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய ஊசி இன்றும் நோயைக் குறைக்கிறது. சீனாவில் 2011 கடைசியில், நரம்பைத் தாக்கும் ஆஜெஸ்கி நோய்க்கு ஊசி போட்ட பண்ணைகளிலேயே மாறிய வைரஸ் வந்தது. டென்மார்க்கில் 1996-ல் பி.ஆர்.ஆர்.எஸ். என்ற சினைச் சிதைவு, மூச்சு நோய்க்கான உயிர் ஊசியின் (வீரியம் குறைத்த வைரஸை உயிரோடு வைத்த ஊசி) வைரஸே வீரியம் பெற்று, ஊசி போடாத மந்தைகளுக்கும் பரவியது. கண்காணிப்பு இருந்ததால்தான் இதெல்லாம் தெரிய வந்தது.

உங்கள் கொட்டகையில் வந்தது 'கிளாசிக்கல்' என்று சொல்லும் பழைய பன்றிக் காய்ச்சல் என்றுதான் நினைக்கிறேன். (மனிதர்களுக்கு வந்த பன்றிக் காய்ச்சல் வேறு. இது நமக்குத் தொற்றாது, பயம் வேண்டாம்.) சீனாவில் உருவான உயிர் ஊசி 1950-களிலிருந்து உபயோகத்தில் இருக்கிறது. பல நாடுகளில் வைரஸ் இரண்டாம் வகைக்கு மாறிய பிறகும் முதல் வகையிலிருந்து செய்த அந்த ஊசி காக்கிறது. எனவே "வைரஸ் மாறிடுச்சு, ஊசி செல்லாது" என்று சொல்வதற்கு முன் குப்பி எப்படி வந்தது என்று பாருங்கள்.

குப்பியை ஐஸ் பெட்டியில் மட்டும் கொண்டு வாருங்கள். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தை நாளைக்கு வைக்காதீர்கள். உயிர் ஊசி போடும் சிரிஞ்சைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவாதீர்கள், ஊசியின் வைரஸே செத்துவிடும். தாய்ப்பன்றிக்கு ஊசி போட்டிருந்தால், சீம்பாலில் வந்த எதிர்ப்பு குறையும்வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், குட்டிக்குப் பொறுங்கள். காய்ச்சல் கண்ட குட்டிக்குப் போட்டுவிட்டு ஊசியைத் திட்டாதீர்கள். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை நன்றாகக் கொதிக்க வைக்காமல் போடவே போடாதீர்கள்.

புதுக் குட்டியை ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள். சினையில் தொற்று வாங்கிப் பிறந்த குட்டி பார்க்க நன்றாகவே இருந்துகொண்டு மாதக்கணக்கில் வைரஸைக் கக்கும். சந்தையில் அதை நானே கண்டுபிடிக்க முடியாது, நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு (இது வேறொரு வைரஸ்) ஊசி இருக்கிறது என்று யாராவது கள்ளத்தனமாக நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். 2023-ல் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமே அந்த நோய் வந்துவிட்டது. சரிபார்க்கப்படாத உயிர் ஊசி எதைப் பரப்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அந்த அண்ணனிடம் இப்போது பன்னிரண்டு குட்டிகள் மிச்சம். ரத்த மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை அங்கிருந்து யாரும் குட்டி வாங்க வேண்டாம், விற்கவும் வேண்டாம் அண்ணே. வேறெங்காவது குட்டி இறக்குவதாக இருந்தாலும் முன்னாடியே எனக்கு ஒரு போன் போடுங்கள், ராத்திரி பத்து மணியானாலும் எடுப்பேன்.